மல்லிகைக்கு ஹார்மோன் டானிக் அடிக்கலாமா, கத்திரியை எடுக்கலாமா?

மதுரை திருநகரில் மாடியில் தொட்டி வைத்து குண்டுமல்லி வளர்க்கிறீர்கள். செடி கொடி மாதிரி நீண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது, ஆனால் பூ என்னவோ நாலைந்துதான். உரக்கடைக்காரர் ‘ஹார்மோன் டானிக்’ என்று ஒரு பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்காவோ, “அதெல்லாம் எதுக்கு, ஒட்ட வெட்டிவிடு, தன்னால பூக்கும்” என்கிறார். செடிக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. அப்புறம் ஹார்மோன் எங்கிருந்து வந்தது, வெட்டுவதற்கும் பூப்பதற்கும் என்ன சம்பந்தம், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதில்: இரண்டு பேர் சொல்வதும் ஹார்மோன் வைத்தியம்தான். கடைக்காரர் வெளியிலிருந்து ஊற்றச் சொல்கிறார். அக்கா செடிக்குள் ஏற்கெனவே இருப்பதன் கணக்கை மாற்றச் சொல்கிறார். உங்கள் செடிக்கு அக்கா சொல்வதுதான் சரி. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

ஹார்மோன் என்பது உடம்புக்குள் சேதி கொண்டுபோகும் ரசாயனம். மனித உடம்பில் அதற்கென்று தனிச் சுரப்பிகள் உண்டு, எடுத்துப்போக ரத்தம் உண்டு. செடியில் சுரப்பி என்று ஒன்றுமே கிடையாது. நுனிக்குருத்து, இளம் இலை, வேர்முனை, விதை, காய் என்று எல்லா இடத்திலும் சாதாரணச் செல்களே இதைத் தயாரிக்கின்றன. அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வேரிலிருந்து மேலே ஏறும் தண்ணீரோடும், இலையிலிருந்து இறங்கும் சர்க்கரையோடும் சில போகும். சில, செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறிப் போகும். எத்திலீன் மட்டும் வாயு என்பதால் காற்றிலேயே பரவி, பக்கத்துக் காய்க்கும் சேதி சொல்லிவிடும்.

ஆட்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். ‘இந்த ஹார்மோன் பூக்க வைக்கும், அந்த ஹார்மோன் வளர வைக்கும்’ என்று ஒன்றுக்கு ஒரு வேலை எழுதிவைத்தால் பரீட்சைக்கு உதவும், தோட்டத்துக்கு உதவாது. மதுரையில் ஆலைச் சங்கு ஊதிய காலம் நினைவிருப்பவர்களுக்குச் சொன்னால் புரியும். சங்கு ஒன்றுதான், ஒரு ஷிப்ட்காரருக்கு அது உள்ளே வா என்று அர்த்தம், இன்னொருவருக்கு வீட்டுக்குப் போ. ஹார்மோனும் அப்படித்தான். எந்தச் செல் கேட்கிறது, எவ்வளவு கேட்கிறது, கூடவே வேறு எது ஒலிக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

இதை உங்கள் மாடியிலேயே பார்க்கலாம். ஆடிக் காற்றில் ஒரு தொட்டி சாய்ந்து படுத்துவிட்டால், ஓரிரு நாளில் இளம் நுனி மட்டும் மேலே நிமிர்ந்திருக்கும். படுத்த தண்டில் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்ப்பக்கத்தில் அதிகம் சேர்கிறது. தண்டுச் செல்லுக்கு ஆக்சின் கூடினால் அது நீளும். அதனால் கீழ்ப்பக்கம் நீண்டு, நுனி மேலே வளைகிறது. வேரிலும் ஆக்சின் கீழ்ப்பக்கத்தில்தான் சேர்கிறது. ஆனால் வேர்ச் செல்லுக்கு அதே அளவு ஆக்சின் அதிகப்படி, அது நீட்சியை நிறுத்திவிடும். மேல்பக்கம் மட்டும் நீள, வேர் மண்ணுக்குள் திரும்புகிறது. எது கீழ் என்று வேருக்கு எப்படித் தெரியும் என்றால், அதன் முனையில் உள்ள சில செல்களுக்குள் மாவுமணிகள் இருக்கின்றன. வேர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவை எடையால் அடியில் போய்ப் படியும். உசிலம்பட்டிப் பக்கம் கடலைக்காட்டில் குனிந்து பார்த்தவர்களுக்கு இன்னும் வேடிக்கையான ஒன்று தெரியும். நிலக்கடலை மண்ணுக்கு மேலேதான் பூக்கும். கரு உண்டானதும் பூவின் அடியிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் நுழைந்து காயாகும். அந்த விழுது வேர் இல்லை, சூலைத் தாங்கும் காம்பு. ஆனாலும் வேர் மாதிரிக் கீழ்நோக்கிப் போகிறது.

சரி, மல்லிகைக்கு வருவோம்.

ஆக்சினைப் பற்றி முதலில் துப்புக் கொடுத்தவர் சார்லஸ் டார்வின். மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து, ஒரு புல்லின் முளைக்குருத்து வெளிச்சத்தின் பக்கம் வளைவதைச் சோதித்து 1880-இல் எழுதினார். நுனியில் ஒரு சின்ன மூடியைப் போட்டு வெளிச்சத்தை மறைத்தால் குருத்து வளையவில்லை. ஆனால் வளைவு நடப்பது நுனியில் இல்லை, அதற்குக் கீழே. அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே போகிறது. அந்த ‘ஏதோ ஒன்றை’ 1920களில் நெதர்லாந்துக்காரர் பிரிட்ஸ் வென்ட் பிடித்தார். ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி, ஜெல்லி மாதிரியான அகார்க் கட்டி மேல் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு அந்தக் கட்டியை மட்டும் நுனி வெட்டிய குருத்தின் ஒரு ஓரத்தில் வைத்தார். குருத்து இருட்டிலேயே மறுபக்கம் வளைந்தது. 1930களில் வேதியியலார் இந்தப் பொருளை மனிதச் சிறுநீரிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள் என்பது ஒரு உபரித் தகவல்.

இந்த ஆக்சின் ஒவ்வொரு கிளை நுனியிலும் உண்டாகி, தண்டு வழியாகக் கீழ்நோக்கி மட்டும் போகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை, இலைக்கணுக்களில் உள்ள பக்கமொட்டுகள் விழிக்காது. ஆக்சின் அந்த மொட்டுக்குள் நேராக நுழைந்து தடுப்பதில்லை. கிளைக்க வைக்கும் சைட்டோகைனின் உற்பத்தியைக் கணுவில் குறைக்கிறது. கிளைக்க விடாத ஸ்ட்ரைகோலாக்டோன் உற்பத்தியைக் கூட்டுகிறது. நுனி இருக்கும் வரை சர்க்கரையின் பெரும்பங்கும் நுனிக்கே போகிறது. உங்கள் செடியின் நீண்ட கொடியில் இதுதான் நடக்கிறது: ஒரே நுனி ஓடிக்கொண்டே இருக்க, அதற்குக் கீழே இருக்கும் கணுக்கள் எல்லாம் தூங்குகின்றன.

கத்திரியை வையுங்கள். நுனி போனதும் முதலில் சர்க்கரை பக்கமொட்டுக்குத் திரும்புகிறது; பட்டாணிச் செடியில் அளந்து பார்த்ததில், ஆக்சின் குறைவு அந்தக் கணுவை எட்டுவதற்கு முன்பே மொட்டு விழித்துவிட்டது. பிறகு சைட்டோகைனின் ஏற, மொட்டு கிளையாகிறது. மல்லிகைக்கு இலை எதிரெதிராக, ஜோடியாக வரும். அதனால் ஒரு கணுவுக்கு மேலே வெட்டினால் பெரும்பாலும் இரண்டு கிளை எழும்பும். மல்லிகை பூப்பது புதுத்தளிரின் முனையில். ஒன்று இரண்டானால் பூ பிடிக்கும் இடமும் இரண்டாகிறது. அக்கா சொன்ன ‘தன்னால’ என்பதற்குள் இவ்வளவு இருக்கிறது.

மதுரையைச் சுற்றி மல்லிகை போட்டிருக்கும் விவசாயிகள் கவாத்து என்று செய்வதும் இதையேதான். நவம்பர் கடைசியில் புதரைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு ஒரே மட்டமாக வெட்டி, காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சியைக் கழித்துவிடுவார்கள். மார்ச் வாக்கில் பூ திரளும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 முருங்கையில், செடி முக்கால் மீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளச் சொல்வார்கள். பருத்தியிலும் நுனி கிள்ளுகிறோம். கிள்ளாமல் விட்ட முருங்கை ஒற்றைக் குச்சியாக ஓடி, கைக்கு எட்டாத உயரத்தில் நாலு காய் காய்த்து நிற்கும்.

ஆக்சின் கீழ்நோக்கியே போகும் என்பதால் இன்னொரு லாபமும் உண்டு. குச்சியை வெட்டி மண்ணில் நட்டால் அது போய்ச் சேர்வது வெட்டுவாயில். அங்கே சேர்ந்து வேரைக் கிளப்புகிறது. மதுரை மல்லிக்கு நாற்று பெரும்பாலும் ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கமிருந்து வருகிறது. அங்கே இப்படிக் குச்சி ஊன்றித்தான் பதியன் போடுகிறார்கள். நர்சரிகளில் குச்சியின் அடியைத் தோய்க்கும் வேர்ப் பவுடர் என்பது ஐ.பி.ஏ. எனப்படும் ஆக்சின் வகை. குச்சியைத் தலைகீழாக ஊன்றினால் வேர் பிடிக்காததற்கும் இதுதான் காரணம்: தலைகீழாக வைத்தாலும் ஆக்சின் பழைய அடிப்பக்கம் நோக்கியே போகும்.

அடுத்து வெளிச்சம். உங்கள் தொட்டி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கொடி மாதிரி நீள்வதற்கு அதற்கும் பாதிப் பங்கு உண்டு. வெளிச்சம் இல்லாத செடி என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரில் பாடப்புத்தகமே தேவையில்லை, முளைப்பாரி இருக்கிறது. மாரியம்மன் பொங்கலுக்குச் சட்டியில் வைக்கோலும் மண்ணும் எருவும் போட்டு, ஊறவைத்த பயறு வகைகளை விதைத்து, அடைத்த அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். திருவிழா அன்றைக்கு வெளியே எடுக்கும்போது பயிர் வெளிர்மஞ்சளாக, ஒல்லியாக, முழ உயரத்துக்குத் தளதளவென்று நிற்கும். அதே பயறை, அதே நாளில் வெயிலில் விதைத்திருந்தால் அதில் பாதி உயரம்கூட வந்திருக்காது.

காரணம் இது. விதை மண்ணுக்குள் ஆழத்தில் முளைத்தால் எப்படியாவது மேலே வந்தாக வேண்டும். அதுவரை பச்சையம் தயாரிப்பது வீண் செலவு. அதனால் இருட்டில் இருக்கும் செடி, கையிருப்பு மாவையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே போடுகிறது. நீட்டச் சொல்பவை ஜிப்ரலின், பிராசினோஸ்டீராய்டு போன்ற ஹார்மோன்கள். வெளிச்சம் பட்டதும், இலையில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி அதை உணர்ந்து இந்தச் சேதிகளைக் குறைத்துவிடும். தண்டின் ஓட்டம் நிற்கும், இலை விரியும், பச்சை ஏறும். இதே நிறமிதான் பக்கத்துச் செடியின் நிழலையும் அடையாளம் காண்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அடுத்துள்ள தூரச்சிவப்பு ஒளியை விட்டுவிடுகிறது; அந்த விகிதம் மாறியதை வைத்து, தலைக்கு மேலே யாரோ மறைக்கிறார்கள் என்று செடி தெரிந்துகொண்டு உயரத்தைக் கூட்டும். நெருக்கி நட்ட நாற்று நெட்டையாய்ப் போவது அதனால்தான்.

ஜிப்ரலினைக் கண்டுபிடித்த கதை நெல்வயலில் நடந்தது. ஜப்பானிய நெல்லில் ஒரு நோய்: நாற்று பக்கத்து நாற்றைவிடச் சட்டென்று உயரும், வெளிறும், கடைசியில் கதிரில்லாமல் சாயும். 1926-இல் தைவானில் வேலைபார்த்த குரோசாவா, அந்தப் பூஞ்சணம் வளர்ந்த நீரை வடிகட்டி, பூஞ்சணமே இல்லாமல் ஊற்றினாலும் நாற்று அப்படியே உயர்வதைக் காட்டினார். 1935-இல் யபுதா அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். பூஞ்சணம் செடியின் சொந்த ஹார்மோனையே அளவில்லாமல் தயாரித்து ஊற்றுகிறது என்பது பிறகு தெரிந்தது. இதன் மறுபக்கத்தை நம் வயல்களே பார்த்திருக்கின்றன. 1966-இல் வந்த ஐ.ஆர். 8 நெல் குட்டை. உரம் போட்டால் பழைய ரகம் மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்து சாயாமல், அந்தச் சத்தைக் கதிருக்குக் கொடுத்தது. ஏன் குட்டை என்பது 2002-இல்தான் விளங்கியது: ஜிப்ரலின் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணு அதில் பழுது. ஒரு ஹார்மோன் கொஞ்சம் குறைந்ததால் இத்தனை பேருக்குச் சோறு கிடைத்தது. டானிக் பாட்டிலில் ‘ஹார்மோன் அதிகம்’ என்று போட்டிருந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வந்தால் அப்சிசிக் அமிலம். சித்திரை வெயிலில் மண் காயத் தொடங்கியதும் இது இலையில் ஏறும். இலைத்துளையின் இருபக்கமும் காவல் செல்கள் உண்டு. இந்த அமிலம் பட்டதும் அவற்றிலிருந்து பொட்டாசியம் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வெளியேற, செல் தொய்ந்து துளை மூடிக்கொள்ளும். நிமிஷக் கணக்கில் நடக்கும் வேலை. தண்ணீர் மிச்சம், ஆனால் துளை மூடினால் கரியமில வாயு வராது, உணவுத் தயாரிப்பும் படுத்துவிடும். தொட்டிச் செடியை அடிக்கடி காயவிட்டால் வளராமல் நிற்பதில் இதற்குப் பங்கு உண்டு. விதை அவசரப்பட்டு முளைக்காமல் பார்த்துக்கொள்வதும் இதே அமிலம்தான். மேலூர்ப் பக்கம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், உறக்கம் குறைந்த ரக நெல் கதிரிலேயே முளைத்துவிடும் இல்லையா, அங்கே இந்தத் தடை பலவீனமாகி, ஜிப்ரலின் கை ஓங்கிவிட்டது என்று அர்த்தம். பெயரைப் பார்த்தால் உதிர்க்கும் அமிலம் என்று பொருள்படும். 1960களில் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தபோது அகப்பட்டதால் வந்த பெயர். பின்னால் பார்த்தால், இலையும் காயும் உதிர்வதில் பெரிய கை எத்திலீனுடையது.

எத்திலீனைப் பற்றித் தெரியாமலே நம்மவர்கள் அதை ஆண்டிருக்கிறார்கள். வாழைத்தாரை அறையில் அடுக்கி, காற்றுப் போகாமல் மூடி, புகை போட்டால் பழுத்துவிடும். எரியும் சருகுப் புகையில் எத்திலீன் இருக்கிறது. மாங்காயை வைக்கோலுக்குள்ளோ அரிசிப் பானையிலோ போட்டு மூடினால், காயே விடும் எத்திலீன் வெளியேறாமல் அங்கேயே தங்கிக் காயைப் பழுக்கவைக்கிறது. பழுக்கும் பழம் மேலும் எத்திலீன் விடும். அதனால்தான் ஒரு பழுத்த பழத்தைக் கூடப் போட்டால் மற்றதும் சீக்கிரம் பழுக்கிறது. 1901-இல் ரஷ்யாவில் நெல்ஜுபோ என்ற மாணவர், ஆய்வகத்தில் பட்டாணி முளைகள் நிமிராமல் படுத்துக்கொண்டே வளர்வதைக் கண்டு, விளக்குக்கு எரித்த வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று பிடித்தார். செடியே இதைத் தயாரிக்கிறது என்பது 1934-இல் உறுதியானது.

கார்பைடு கல்லைப் பற்றிக் கேட்காதவர் இல்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஈரம் பட்டால் கார்பைடு விடுவது அசிட்டிலீன். எத்திலீனின் வேலையை அரைகுறையாகச் செய்யும். தோல் மஞ்சளாகும், உள்ளே காயாகவே இருக்கும். கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்படம் இருப்பதால் உடம்புக்குக் கெடுதல், சட்டப்படி தடை. அறைக்குள் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை விட்டுப் பழுக்கவைக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. பழம் தானே விடும் அதே வாயு என்பதால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லாப் பழமும் இதற்கு மசியாது. வாழை, மா, சப்போட்டா, பப்பாளி, தக்காளி பறித்த பிறகும் பழுக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் எலுமிச்சையும் மாதுளையும் கொடியிலும் மரத்திலும் எந்த அளவுக்கு இனித்தனவோ அவ்வளவுதான்.

பூச்சி கடித்தால் செடிக்குத் தெரியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தெரியும். கம்பளிப்புழு இலையைக் கடித்த சிறிது நேரத்தில் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் ஏறி, புழுவின் வயிற்றில் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும் பொருள்களை இலை தயாரிக்கத் தொடங்கும். மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய தகவல் ஒன்று இதில் இருக்கிறது: இந்தக் குடும்பத்தின் மெத்தில் ஜாஸ்மோனேட் முதன்முதலில் 1962-இல் பிச்சிப்பூ எண்ணெயில் மணப்பொருளாகத்தான் அடையாளம் காணப்பட்டது. அது ஹார்மோன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1990-இல், இதன் ஆவி காற்றில் பட்டாலே தக்காளி இலை தற்காப்புப் புரதம் தயாரிப்பதைக் காட்டினார்கள். இதோடு தொட்டாற்சிணுங்கியைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தொட்டதும் மடங்குவது மின்சாரச் சைகையாலும் செல் நீர் சட்டென்று வெளியேறுவதாலும். ஹார்மோனுக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

மேலே போகிற போக்கில் சொன்ன ஸ்ட்ரைகோலாக்டோன்தான் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் விலகிப்போகிறேன். சோளக்காட்டில் சுடுமல்லி என்று ஒரு களை வரும். சோளத்தின் வேரில் ஒட்டிச் சாறு குடிக்கும் ஒட்டுண்ணி. அதன் விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும். பக்கத்தில் வேர் வந்தால் மட்டும் முளைக்கும். வேர் வந்தது அதற்கு எப்படித் தெரிகிறது? வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோனால். தனக்கு எமனை அழைக்கும் பொருளைச் செடி ஏன் வெளியே விட வேண்டும் என்பது வெகுநாள் புதிர். 2005-இல் விடை கிடைத்தது: மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால், அதைத் தேடிக்கொண்டுவந்து தரும் வேர்ப் பூஞ்சணத்தை அழைக்கவே செடி இதை விடுகிறது, சுடுமல்லி அந்த அழைப்பை ஒட்டுக்கேட்டுப் பழகிவிட்டது. 2008-இல், இதே பொருள் செடிக்குள் பக்கக்கிளையைத் தடுக்கும் ஹார்மோன் என்றும் தெரிந்தது. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது: மண்ணில் சத்து இல்லாதபோது பூஞ்சணத்தைக் கூப்பிடு, கிளை விடாதே. இன்னொன்று: இந்தக் குடும்பத்தின் முதல் பொருள் 1966-இல் பிரித்தெடுக்கப்பட்டது பருத்தி வேரின் கசிவிலிருந்து. பருத்தியில் சுடுமல்லி ஒட்ட முடியாது. பருத்தி வேரை நம்பி முளைத்த விதை, ஒட்ட இடமில்லாமல் செத்துப்போகும். பேரையூர், கள்ளிக்குடிக் கரிசலில் பருத்தியையும் சோளத்தையும் மாற்றி மாற்றிப் போட்டால் மண்ணில் கிடக்கும் சுடுமல்லி விதை குறையும்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். ‘ஹார்மோன் டானிக்’ என்ற பெயரில் விற்பது ஒரே சரக்கு இல்லை. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். என்.ஏ.ஏ. என்றிருந்தால் அது செயற்கை ஆக்சின். பிளானோபிக்ஸ் என்று மிளகாய், பருத்திக்காரர்கள் பூவும் பிஞ்சும் உதிராமல் இருக்க அடிப்பது. அது இருக்கும் பூவைக் காப்பாற்றும், இல்லாத பூவை வரவழைக்காது. ஜிப்ரலிக் அமிலம் என்றிருந்தால் உங்கள் நெட்டைச் செடிக்குக் கண்டிப்பாக வேண்டாம். கடல்பாசிச் சாறு, ஹியூமிக் என்றிருந்தால் பெரிய கெடுதல் இல்லை. நிழலில் நிற்கும், வெட்டாத செடிக்கு அதனால் பெரிய பலனும் இல்லை. உள்ளே என்ன, எத்தனை சதவீதம் என்றே எழுதாத பாட்டில் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். நெல்வயலில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி களைக்கொல்லி செயற்கை ஆக்சின்தான். செடி அதைச் சிதைக்க முடியாமல், கட்டுப்பாடில்லாமல் முறுக்கி வளர்ந்தே சாகிறது. களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே பருத்திக்கோ தக்காளிக்கோ மருந்து அடித்தவர்களின் காட்டைப் பார்த்தால் தெரியும்: இலை விரியாமல் விரல் விரலாக ஒடுங்கி, நரம்பு மட்டும் தடித்து, நுனி சுருண்டு நிற்கும். நோய் என்று நினைத்து மேலும் ஒரு மருந்து அடிப்பவர்களும் உண்டு.

வீட்டுத் தயாரிப்பு எதாவது அடித்தே ஆக வேண்டும் என்றால், தேங்காயும் மோரும் சேர்த்துப் புளிக்கவைக்கும் தேமோர் கரைசலை அடிக்கலாம். தேங்காய்த் தண்ணீரில் சைட்டோகைனின் இருப்பது உண்மை. 1941-இல் வான் ஓவர்பீக் என்பவர், சோதனைக்குழாயில் வளர மறுத்த ஊமத்தைக் கருக்களைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்து வளர்த்துக் காட்டினார். இன்று திசுவளர்ப்பு வாழைக்கன்று தயாராகும் முறைக்கு வேர் அங்கேயெல்லாம் இருக்கிறது. சைட்டோகைனினைக் கூட்டி ஆக்சினைக் குறைத்தால் திசுவிலிருந்து குருத்து, திருப்பிப் போட்டால் வேர். ஆனால் புளிக்கவைத்த கரைசலில் எவ்வளவு மிஞ்சும் என்பது சட்டிக்குச் சட்டி மாறும். உதவினால் உதவட்டும் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செடிக்கு நான் சொல்வது இது. முதலில் தொட்டியை நிழலிலிருந்து எடுத்து, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்தில் வையுங்கள். கார்த்திகை மாதம் கவாத்து. தொட்டி மண்மட்டத்திலிருந்து ஒன்றரை அடி விட்டு, ஒவ்வொரு கொடியையும் கணுவுக்குச் சற்று மேலே, கூர்மையான கத்திரியால் வெட்டுங்கள். சிம்புகளாக நசுங்கினால் அழுகும். காய்ந்ததையும் பென்சிலைவிட ஒல்லியாக உள்ளே பின்னிக்கிடப்பதையும் அடியோடு எடுத்துவிடலாம். வெட்டிய பிறகு எரு வையுங்கள், ஆனால் யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் மறுபடி கொடிதான் ஓடும். வயலிலேயே மல்லிகைக்குத் தழைச்சத்தைப் போல இரண்டு பங்கு மணிச்சத்தும் சாம்பல்சத்தும்தான் பரிந்துரை. உரத்தில் பாதியை வெட்டிய உடனும், மறுபாதியை ஆனி, ஆடியிலும் கொடுங்கள். வெட்டியபின் இலை குறைவாக இருக்கும் நாட்களில் தண்ணீரையும் குறையுங்கள், ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். தளிர் விட்டு நாலைந்து ஜோடி இலை வந்தும் முனையில் மொட்டு தெரியாமல் ஓடும் கிளை இருந்தால், அதன் நுனியை மட்டும் நகத்தால் கிள்ளிவிடுங்கள். பங்குனிக்குள் மொட்டு தெரியவில்லை என்றால் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிச் சிலந்திப்பேன் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.